என் கடிகாரப்படி கப்பல்தான் சீக்கிரம் கிளம்பியது

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் தரையில் நலமாக இருக்கிறோம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அதேபோல் தரையிலேயே என்றும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். மாப்பிள்ளையும் என் மகளும் தங்கள் நிழலில் சௌக்கியமாக இருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

போன வாரம் போனில், "என்ன சம்பந்தி, கப்பல்லேர்ந்து குதிச்சுட்டீங்களாமே?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தீர்கள். பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்ததால் என்னால் விளக்கம் தர இயலவில்லை. நான் குதிக்கவில்லை. என்னை யாரும் தள்ளிவிடவும் இல்லை. பெண் கொடுத்த இடத்தில் இப்படி ஒரு பேச்சு உலவுவது எனக்குக் கௌரவமாகப் படவில்லை. மேலும், தாங்களும் சம்பந்தியம்மாவும் இதேபோல் ஒரு பயணம் போக ஆசைப்படுவதாக மகள் சொன்னாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதித் தங்களைக் காப்பாற்றுவது என் கடமை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் முப்பத்து நாலு வருடம் நூற்பாலையில் டைம் கீப்பராக இருந்தவன். காலை ஏழு மணிச் சங்கு என் கையால்தான் ஊதும். அதைக் கேட்டுத்தான் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்கள். அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்ற மறுவாரமே, முப்பத்தொரு நாள் கப்பல் பயணம் என்று மகளும் மாப்பிள்ளையும் ஒரு உறையை என் கையில் கொடுத்தார்கள். "அப்பா, நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தா போதும்" என்றாள் மகள். சும்மா உட்காருவதற்கு எதற்குக் கடலுக்குப் போக வேண்டும், வீட்டிலேயே நாற்காலி இருக்கிறதே என்றேன். என் மனைவி அதற்குள் பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள்.

அவள் ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டாள். எனக்கு மூன்று பெட்டி ஆயிற்று. டார்ச் லைட், விசில், இருபது அடி நைலான் கயிறு, இஸ்திரிப்பெட்டி, மூன்று பூட்டு என்று முன்யோசனையோடு எடுத்து வைத்தேன். கப்பல் ஆடுமே, உடம்பு பழக வேண்டுமே என்று தினமும் டவுன் பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடிக்காமல் நின்று பயிற்சி எடுத்தேன். மூன்றாம் நாள் டிரைவர் பிரேக் போட்டதில் ஒரு அம்மாளின் மடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். "வயசான காலத்துல கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கக்கூடாதா?" என்று கேட்டாள். "கப்பலுக்குப் பழகிக்கிட்டிருக்கேம்மா" என்றேன். அடுத்த நிறுத்தத்தில் அவசரமாக இறங்கிப் போய்விட்டாள். அவள் டிக்கெட் வாங்கியது கடைசி நிறுத்தத்துக்கு என்று கண்டக்டர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

துறைமுகத்தில் பெட்டிகளைச் சோதித்த பெண் என் இஸ்திரிப்பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். தீப்பிடிக்குமாம். பிறகு கயிற்றை வெளியே இழுத்தாள், இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள். "இது எதுக்கு சார்?" என்றாள். "கப்பலுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் மனைவி இரண்டடி தள்ளி நின்று, வேறு யாரோடோ வந்தவள் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் கப்பல் ஆடவே இல்லை, சம்பந்தி. அரசாங்க ஆபீஸ் கட்டடம் மாதிரி அசையாமல் போயிற்று. பஸ்ஸில் விழுந்ததெல்லாம் வீண். ஆனால் உள்ளே வழி கண்டுபிடிப்பது இருக்கிறதே! எல்லா நடைவழியும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே நிறம். இரண்டாம் நாள் சாப்பிட்டுவிட்டு வந்து, சாத்தாமல் கிடந்த கதவைத் தள்ளி, அறையில் படுத்துக் கண்ணை மூடினேன். குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு, துண்டு கட்டிய ஒரு ஆசாமி பாடிக்கொண்டே வெளியே வந்தான். "யாருய்யா நீ?" என்று நான் அதட்டினேன். அவனும் அதையேதான் கேட்டான். நான் இருந்தது ஒன்பதாம் மாடி. எங்கள் அறை எட்டாம் மாடி.

என் மனைவிக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. மூணே நாளில் கப்பல் பூரா அவளுக்குச் சிநேகிதம். காலையில் மேல்தளத்தில் உடற்பயிற்சி, பத்து மணிக்கு நடன வகுப்பு, மத்தியானம் சீட்டுக் கச்சேரி. நாற்பத்தொரு வருடமாக என்னோடு சீட்டுத் தொடாதவள். "உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன். "நீங்க எப்பக் கேட்டீங்க?" என்றாள். நான் எழுந்திருப்பது முதல் படுப்பது வரை ஒரு அட்டவணை எழுதிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தேன். அதன்மேல்தான் அவள் தினமும் குளித்த துண்டைக் காயப்போட்டாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் கதவுக்கு அடியில் ஒரு காகிதம் வந்தது. இன்று எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கவும் என்று போட்டிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே வரவேற்பு மேஜைக்குப் போய், "யார் உத்தரவு இது?" என்று கேட்டேன். கேப்டன் உத்தரவு என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் ஆலையில் மேனேஜர்கூட சங்கைத் தொட்டதில்லை. மறுநாள் காலையில் கப்பலில் இருந்த அத்தனை கடிகாரமும் மாறியிருந்தது. நூறு கடிகாரம் ஒன்றாகத் தப்புக் காட்டினால் அது சரியாகிவிடுமா, தாங்களே சொல்லுங்கள். நான் என் கைக்கடிகாரத்தைத் தொடவில்லை.

அன்றைக்குத்தான் ஒரு துறைமுகத்தில் இறங்கினோம். நாலு மணிக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்று உத்தரவு. ஊரைச் சுற்றிவிட்டு வரும் வழியில் ஒரு முடிதிருத்தும் கடை. சுத்தமான கடை, சாய்வு நாற்காலி. ஒரு சவரம் செய்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். என் மனைவி வாசலில் நின்று, "மணி மூணேகால் ஆச்சுங்க, எழுந்திருங்க" என்றாள்.

"ரெண்டேகால்" என்றேன்.

"அதான் காகிதம் வந்துதே, மாத்தச் சொல்லி."

"காகிதம் வந்தா மணி மாறிடுமா?"

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நடுத்தெருவுல உங்களோட சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நான் போறேன். வர்றீங்களா இல்லையா?"

"நீ போ. நாலு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப அங்க நிப்பேன். முப்பத்து நாலு வருஷத்துல ஒரு நாள் நான் லேட்டுன்னு பேர் உண்டா?"

"கப்பலுக்கு உங்க வரலாறு தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

அந்தக் கடைச் சுவர்க் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாவம், பழசு போல என்று நினைத்துக்கொண்டேன். கடைக்காரருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. சவரம் முடிந்ததும் ஒரு புட்டியை எடுத்துக் காட்டி, என் நரைத்த தலையைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். நேரம்தான் கிடக்கிறதே என்று தலையாட்டினேன். கறுப்புச் சாயம் போட்டு, காய வைத்து, கழுவி, கழுத்தையும் பிடித்துவிட்டார். சொர்க்கம். நடுவில் துறைமுகப் பக்கமிருந்து நீளமாக மூன்று ஊதல் கேட்டது. யாரோ எங்கேயோ அவசரமாகப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

என் கடிகாரத்தில் மூணரைக்கு மேலே அஞ்சு நிமிஷம். இன்னும் இருபத்தைந்து நிமிஷம் கையில் இருக்கிறது என்று ஜம்பமாக நடந்து போனால், கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணி! காவல்காரனிடம் கையை நீட்டி என் கடிகாரத்தைக் காட்டினேன். அவன் தன் கடிகாரத்தைக் காட்டினான். அண்ணாந்து பார்க்கிறேன், ஏழாம் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மனைவி! ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கறுத்த தலையோடு யாரோ ஒருத்தன் ஆடுகிறான் என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் சட்டையைப் பார்த்து அடையாளம் தெரிந்தது. அவள் ஏதோ கத்தினாள், காதில் விழவில்லை. கடைசியில் கையைத் தூக்கி, மணிக்கட்டை விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். கப்பல் திரும்பி மறைகிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சம்பந்தி, நான் கரையிலே நின்னேன். கட்டின வேட்டியோட... இல்லை, நான் அன்னிக்குப் போட்டிருந்தது கால்சட்டை, ஆனா நிலைமை அதுதான். துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்கு ஒரு ஏஜண்ட் இருந்தார். அவர் என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போய் சோபாவில் உட்கார வைத்து ஒரு பையைக் கொடுத்தார். நான் வரவில்லை என்றதும் கப்பலிலிருந்து இறக்கிக் கொடுத்தார்களாம். உள்ளே என் பாஸ்போர்ட், ஒரு பனியன், படிக்கிற கண்ணாடி, அப்புறம் என் மாத்திரை. ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, காலை, ராத்திரி, சாப்பிட்டப்புறம் என்று எழுதியிருந்தாள். மேலே ஒரு துண்டுச் சீட்டு: "நாளை மறுநாள் அடுத்த துறைமுகத்தில் கப்பல் நிக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடிச்சுக்கோங்க."

எந்த மாத்திரை எப்போது என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அவள் உள்ளங்கையில் வைப்பாள், நான் முழுங்குவேன். ஆலைக்கு நான் ஒரு நாளும் தாமதமாகப் போகாததுகூட, அஞ்சு மணிக்கு அவள் எழுந்து என்னை உலுக்கினதால்தான். அந்த சோபாவில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கழட்டி முள்ளைத் திருப்பினேன். ஏஜண்ட் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தூசி என்று கையைக் காட்டினேன்.

பத்தொன்பது மணி நேர பஸ். கம்பியைப் பிடித்துக்கொண்டேதான் போனேன், உட்கார இடம் கிடைத்த பிறகும். கப்பல் வருவதற்கு அஞ்சு மணி நேரம் முன்னாலேயே துறைமுகத்தில் போய் நின்றேன். அங்கே இன்னொரு கஷ்டம். கப்பலில் கொடுத்த அடையாள அட்டையில் இருக்கிற போட்டோவில் வெள்ளைத் தலை, நேரில் கறுப்புத் தலை. கப்பல் வாசல் காவல்காரன் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான். என் மனைவியைக் கூப்பிட்டு வந்து, "இவர் உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டான். அவள் என்னை மேலும் கீழும் ஒரு நிமிஷம் பார்த்தாள். "எதுக்கும் கொஞ்சம் பேசச் சொல்லுங்க" என்றாள்.

"ஏண்டி, விளையாடறியா?" என்றேன்.

"இவர்தான்" என்றாள்.

ரெண்டு நாளும் எப்படி இருந்தே என்று கேட்டால், "நல்லாத் தூங்கினேன்" என்கிறாள். ஆனால் சாப்பாட்டு மேஜையில் பரிமாறுகிறவர் ஒரு விஷயம் சொன்னார். ரெண்டு நாளும் எனக்கும் தட்டு வைக்கச் சொல்லி, எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டாளாம். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "இல்லேன்னா வேற யாராவது வந்து உட்கார்ந்துடுவாங்களே" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்துவிட்டாள்.

மீதி இருபது நாளும் அவள் போன இடத்துக்கெல்லாம் நானும் போனேன். நடன வகுப்பில் மூன்று பேர் காலை மிதித்தேன். ஒரு நாள் மத்தியானம் மேல்தளத்தில் ரெண்டு பேரும் பேசாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். எத்தனை நேரம் என்று தெரியாது, நான் பார்க்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது. அதற்காகத் தங்களுக்கு ஆசை காட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். என் முடிந்த முடிவு இதுதான்: நம்மைப் போன்றவர்களுக்குக் கப்பல் லாயக்கில்லை. தயவுசெய்து இந்த யோசனையைக் கைவிடுங்கள். சம்பந்தியம்மா கேட்டால், கடல் காற்று ஆகாது என்று ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். அங்கே போகிற பெண்கள் பழையபடி திரும்பி வருவதில்லை.

மகளும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள். தங்கள் முழங்கால் வலி குறைந்து, தாங்கள் வீட்டிலேயே நிம்மதியாக இருக்க மனமார வேண்டும்,

தங்கள் அன்பிற்குரிய சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது என் மனைவி வாங்கிப் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஆனா அனுப்பிப் பிரயோசனம் இல்லை" என்றாள். வியாழக்கிழமையே அவளும் சம்பந்தியம்மாவும் போனில் பேசி முடித்துவிட்டார்களாம். அடுத்த மாதம் அதே கப்பல், நாற்பத்தைந்து நாள், நாலு பேருக்கு இல்லை, ரெண்டு பேருக்கு. ஒரே அறை. நாம் அதில் இல்லை. நம் இருவரையும் தனித்தனி வீட்டில் விட்டுப் போக பயமாக இருக்கிறதென்று, தங்களை இங்கே கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. தங்களிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். தங்களுக்கு அதற்கு மேல் ஏதாவது தெரிந்தால் உடனே பதில் எழுதவும்.