நிச்சயதார்த்தத்துக்கு வந்த தூண்டில் மீன்

நம் குரலை ஊரே கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தக் குரல் என்ன சொல்லப்போகிறது என்பதையும் கொஞ்சம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இதை நான் என் தம்பியின் நிச்சயதார்த்தத்தில், பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும்போது கற்றுக்கொண்டேன்.

அப்போது சென்னையில் கடலடிப் படங்களுக்குத் தமிழில் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆழ்கடலில் இறங்கிப் படம் எடுத்து வருவார்கள். நான் ஏசி அறையில் வெந்நீர் குடித்துவிட்டு, "சூரியன் எட்டிப் பார்க்காத இந்த இருட்டில்..." என்று ஆரம்பிப்பேன். (எனக்கு நீச்சல் தெரியாது. மெரினாவில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.) கொஞ்ச நாளில் அந்தக் கம்பீரக் குரல் என்னோடு வீட்டுக்கும் வர ஆரம்பித்துவிட்டது. "இதோ, சாம்பாரின் அடியாழத்தில் ஒரு முருங்கைக்காய்" என்று நான் சொன்னதாக அம்மா இன்றும் சாதிக்கிறாள்.

அப்பாவுக்கு ஆரணி கடைத்தெருவில் பட்டுச்சேலைக் கடை. சேலை எடுக்க வருகிறவர்களிடம், "டிவியில கடல் பேசுதுன்னா, அது எம்பொண்ணு பேசறதுங்க" என்பார். அவர்கள் வாயைப் பிளந்த பிறகுதான் சேலையையே பிரிப்பார்.

தம்பி டேனியலும் பெரணமல்லூர் மெர்சியும் விரும்பினார்கள். மெர்சியின் அப்பா தலைமையாசிரியர். "வியாபாரக் குடும்பம், படிப்பு வாசனை கம்மி" என்று நெடுநாள் பிடிகொடுக்காமல் இருந்துவிட்டு, ஒருவழியாகச் சம்மதித்தார். நிச்சயம் ஆரணியில், எங்கள் சர்ச் ஹாலில். மேடையில் பெரிய திரை. மற்ற வீடுகளில் அதில் மாப்பிள்ளை, பெண் போட்டோக்கள் ஓடும். அப்பாவுக்கு வேறு யோசனை.

"நம்மள படிக்காத கும்பல்னு நெனச்சிகினு இருக்காரு சம்பந்தி. உன் படத்தப் போட்டுக் காட்டுவோம். அப்ப தெரியும்."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. பவளப்பாறை பற்றிய படம் ஒன்றை பென்டிரைவில் ஏற்றினேன். அதில் என்னுடைய வேறு படங்களும் இருந்தன. (ஜனங்கள் ஆசைப்பட்டு இன்னொன்று கேட்டால்?)

பவளப்பாறை பிரமாதமாக ஓடியது. வண்ண மீன்கள் ஜோடி ஜோடியாக நீந்த, என் குரல் ஹாலையே நிறைத்தது. முடிந்ததும் கைதட்டல். தலைமையாசிரியர் எழுந்து என் பக்கம் வந்தார்.

"உச்சரிப்பு ரொம்பச் சுத்தமா இருக்குதும்மா. இந்த 'ழ'வ எங்க டீச்சருங்களே இப்படிச் சொல்றதில்ல."

நான் தரையிலேயே இல்லை. அந்த மிதப்பில், திரை இருண்டதையும் இசை மாறியதையும் கவனிக்கவில்லை. ஆழ்கடல் படம் தானாகவே ஓட ஆரம்பித்திருந்தது. திரும்பிப் பார்த்தால், ஆணி ஆணியாகப் பற்கள், தலையில் தொங்கும் ஒரு விளக்கு. பெண் தூண்டில் மீன். அதன் வயிற்றடியில் சுண்டுவிரல் அளவுக்கு ஏதோ ஒன்று.

"நெடுந்தேடலுக்குப் பின் ஆண் மீன் தன் துணையைக் கண்டடைகிறது" என்றது என் குரல். "கண்டதும் கடித்துப் பற்றிக்கொள்கிறது."

அடுத்து என்ன வரும் என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆபரேட்டரைத் தேடினேன். லேப்டாப் இருந்தது, ஆளில்லை. பின்பக்கம் பந்திக்கு ஓடினேன். அங்கே ஒரு ஸ்பீக்கர் இருந்ததால் என் குரலும் கூடவே வந்தது.

"மெல்ல மெல்ல இரு உடல்களும் ஒட்டிப்போகின்றன. ஆண் மீனின் கண்கள் மங்குகின்றன. இனி அதற்கென்று தனி வாழ்க்கை இல்லை."

ஆபரேட்டர் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, ஜல்தி வாங்க! படத்த நிறுத்துங்க!"

"கைய வெச்சிட்டேங்களே. லேப்டாப்ல பாஸ்வேர்டு போட்டாதாங்க நிக்கும்."

"பாஸ்வேர்டு இன்னா?"

அவர் வெட்கப்பட்டார். "வூட்டுக்காரி பேருங்க" என்றார். பேரைச் சொல்லவில்லை.

அதற்குள் ஸ்பீக்கரிலிருந்து, எந்த அவசரமும் இல்லாமல், கடைசி வாக்கியம் வந்துவிட்டது. "சில பெண் மீன்கள் ஒரே சமயத்தில் பல ஆண் மீன்களைச் சுமந்து திரிவதும் உண்டு."

நான் ஹாலுக்குத் திரும்பி ஓடினேன். மெர்சியின் அத்தை எழுந்து நின்றிருந்தார்.

"இன்னா அண்ணா இது? நிச்சயம் பண்ற எடத்துல காட்டற படமா? நம்ம பொண்ணப் பத்தி இன்னா நெனச்சிகினு இருக்காங்க இவங்க?"

தலைமையாசிரியர் முகத்தில் கோபமா, குழப்பமா என்று தெரியவில்லை. டேனியல் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டிருந்தான். அந்த ஹாலில் ஒரே ஒருவர் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார். என் அப்பா.

"கேட்டீங்களா சம்பந்தி? இவ்ளோ நீளத்துக்கு ஒரு எடத்துலகூட மூச்சு வாங்கல!"

அவர் குரலைத்தான் கேட்டிருந்தார். மீனைப் பார்க்கவே இல்லை.

செத்தேன், இந்தச் சம்பந்தம் என்னால் போயிற்று என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டபோது, மேடையில் மெர்சி டேனியல் பக்கம் சாய்ந்து எதையோ கேட்டாள். மோதிரம் மாற்றுவதற்காக வைத்திருந்த மைக் திறந்தே கிடந்தது.

"உங்களுக்குக் கண்ணு தெரியுதா?"

என் தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். "இப்பவே மங்கலாத்தான் இருக்குது" என்றான்.

ஹால் வெடித்துச் சிரித்தது. ஆயர் எழுந்து, சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கைப் பிடித்தார். "கல்யாணம்னா ரெண்டு பேரும் ஒண்ணாயிடறதுன்னு வருஷக்கணக்கா பிரசங்கம் பண்ணிகினு இருக்கேன். ஒருத்தருக்கும் புரியல. இந்த மீனு செஞ்சே காட்டிடுச்சு." தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பல ஆண் மீன் மேட்டர மட்டும் எடிட் பண்ணிடும்மா" என்றார்.

மோதிரம் மாற்றினார்கள்.

அதன்பிறகு எத்தனையோ கடல்களுக்கு நான் பேசியிருக்கிறேன். படம் முடியும்போது என் பெயர் பொடி எழுத்தில் ஓடும். அதற்குள் எல்லோரும் சேனல் மாற்றியிருப்பார்கள். ஆனால் பெரணமல்லூர்ப் பக்கம் எந்த நிச்சயம் நடந்தாலும் எனக்குப் போன் வருகிறது. சமீபத்தில் கூப்பிட்டது, அன்று எழுந்து நின்ற அதே அத்தை.

"என் புள்ளைக்கு நிச்சயம் வெச்சிருக்கோம். படம்லாம் வாணாம்மா, பேஜாரு. நீயே வந்து அந்த மீனக் கொஞ்சம் எடுத்துச் சொல்லிடு. இப்பவே தெரிஞ்சிகினா அவனுக்கு நல்லது."

அழைப்பிதழ் வந்தது. ஜெபம் என்ற இடத்தில் ஆயர் பெயர். அதற்கு அடுத்த வரியில், சிறப்புரை என்று கொட்டை எழுத்தில் போட்டு, என் பெயர். தலைப்பு: 'ஆழ்கடலில் இல்லறம்'.

அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார்.