பேரப்பிள்ளை வைத்தியம்

சித்தூரில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி அடியோடு போய்விட்டதாம். புது மருந்து ஒன்றுமில்லையாம். இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்த்தாராம், இறங்கிவிட்டதாம். கொழும்பில் என்னோடு ஒரே கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் கிருஷ்ணப்பா, லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியவர், இதைச் சொன்னார். அவருக்குச் சொன்னவர் புத்தூர் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர். அந்த ஸீட்காரருக்கு யார் சொன்னது என்று விசாரிப்பதற்குள் நகரி வந்து அவர் இறங்கிவிட்டார். நகரியில் தறிக்காரர் ஒருவர் திருப்பதியிலிருக்கும் மகளுக்குத் தந்தியே அடித்துவிட்டாராம்: "பேரனை உடனே அனுப்பு. சர்க்கரை ஏறுகிறது." சொந்தத்தில் பேரன் இல்லாத இன்னொருவர், பக்கத்து வீட்டுப் பையனை வாரத்துக்கு இரண்டு நாள் இரவல் கேட்டிருக்கிறார்.

நான் சிரிக்கவில்லை. அந்தச் சித்தூர்க்காரர் என் மாமனார் கோவர்த்தனன். அந்த மருந்துகள் இரண்டும் என் பிள்ளைகள்.

வதந்தி கிடக்கட்டும். இந்த இனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 'எனக்கின்னா தாத்தா' என்று இதற்குப் பெயர் வைக்கலாம். உடம்பில் நாலு வியாதி, மடியில் ரெண்டு பேரப்பிள்ளை, வாயில் ஒரே ஒரு வார்த்தை. கால் வீங்கியிருக்கும், கண் மங்கியிருக்கும், மாடிப்படி மூன்றாவதிலேயே மூச்சு நின்று யோசிக்கும், கேட்டால் "எனக்கின்னா?" என்பார். கேட்டவருக்கே நம் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்துவிடும்.

என் மனைவி சுந்தரிக்குத் திருப்பதியில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. விடுதியில் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். நானோ கடலுக்கு இந்தப் பக்கம். எட்டு வயது அம்சவேணியையும் ஆறு வயது சம்பத்தையும் என்ன செய்வது?

"நாங்கீறேன் இல்ல?" என்றார் மாமனார்.

"ஒன் ஒடம்புக்கு முடியுமா நைனா?" என்று அப்பாவைக் கேட்டாள் சுந்தரி.

"எனக்கின்னா? கல்லு மாரி கீறேன். நீ போய்ப் படிம்மா."

கல் மாதிரி இருந்தவர் இதைச் சொல்லும்போது கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த இனத்தாரின் மூளையைப் பாராட்ட வேண்டும். ஓட முடியாது, ஆனால் ஓட முடியாது என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது. ஆகவே எந்த விளையாட்டிலும் உட்கார்ந்திருப்பவன் வேஷம் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ரயில் விளையாட்டில் என் மாமனார் ஸ்டேஷன் மாஸ்டர். பிள்ளைகள் ரேணிகுண்டாவுக்கும் காட்பாடிக்குமாக வீட்டைச் சுற்றி இரைக்க இரைக்க ஓடும். இவர் நாற்காலியில் சாய்ந்தபடி பச்சைத் துண்டை அசைப்பார். திருடன் போலீஸ் விளையாட்டில் இவர் ஜட்ஜ். எல்லாவற்றுக்கும் மேல் காணிப்பாக்கம் ஆட்டம். அதில் இவர் பிள்ளையார். பிள்ளையாருக்கு அசைகிற வேலையே கிடையாது. பக்தர்கள் இருவரும் மூன்று சுற்றுச் சுற்றித் தோப்புக்கரணம் போட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாலையாவின் வெல்ல மண்டியிலிருந்து கேட்டு வாங்கிவந்த துண்டு வெல்லத்தைச் சாமி வாயில் வைப்பார்கள். சாமி மறுக்கலாமா?

சுந்தரி ஒருநாள் கையும் வெல்லமுமாகப் பிடித்துவிட்டாள்.

"நான் எங்கம்மா துன்னேன்? சாமி துன்னுச்சு."

பத்தியச் சீட்டு என்று ஒன்று உண்டு. டாக்டர் அதைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்தார். "இந்த எழுத்து கண்ணுக்குப் புடிபடலம்மா" என்றார், முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் இரண்டு பாஷையிலும் எழுதிக் குவித்த மனிதர். சுந்தரி தமிழில் பெயர்த்து எழுதினாள். "நாம ஆந்திரா சர்க்காருக்குக் கீழ கீறோம். தமிழ்ல எழுதனா செல்லுமா?" ஒரே தாளில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டையும் எழுதி ஆணியில் மாட்டினாள். அதை வெகுநேரம் படித்துவிட்டு, "ஏப்ரல் மாசம் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போவுதாம். மொதல்ல எல்லை தீரட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார்.

இப்போது நீலக் குழாய்க்கு வருகிறேன். சர்க்கரைக்காரர் வீடுகளில் இது தெரியாதவர் இல்லை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து கொஞ்சம், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. செங்கல் நிறம் வந்தால் விபரீதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் சுந்தரி முதல் பஸ்ஸில் வந்து, மாமனார் குப்பியில் பிடித்துவைத்திருப்பதைக் கொண்டு இந்தச் சடங்கை நடத்துவாள். நிறத்தை ஒரு நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுவாள். கார்த்திகையில் ஒருநாள் செங்கல் நிறம் வந்தது. குழாயைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்.

"இன்னோரு தபா இப்பிடி வந்துச்சின்னா நான் படிப்ப வுட்டுட்டு வந்துடுவேன், நைனா."

அவ்வளவுதான். அடுத்த வாரம் நீலம். அதற்கடுத்த வாரமும் நீலம். பொங்கலுக்கு நாலு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் உள்ளே போன வாரமும் நீலம். பிள்ளைகள் கைதட்டின. பாலையா மண்டிக்கு வருகிற வியாபாரிகளிடமெல்லாம் சொன்னார். அவர்கள் மூட்டையோடு செய்தியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்படித்தான் அந்தப் புத்தூர் பஸ்.

கிருஷ்ணப்பா என் மகளின் கடிதம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். அம்சவேணி எழுதியதை அப்படியே தருகிறேன்:

"நைனா, நாங்க சௌக்கியம். இந்த வாரம் குப்பி என் மொறை. போன வாரம் சம்பத் மொறை, அவன் கொஞ்சந்தான் ரொப்புனான். நீலமா வந்துச்சி. அம்மா தாத்தாவக் கட்டிப் புடிச்சி அழுதாங்க. தாத்தா எங்களுக்கு வெல்லம் குடுத்தாரு. இது ரகசியம், அம்மா கிட்ட சொல்லக் கூடாதுன்னு சாமி சத்தியம். நீ அம்மா இல்லியே, அதனால ஒனக்கு எழுதறேன். தாத்தா இப்பல்லாம் வூட்டுக்குள்ளயும் சாக்ஸ் போட்டுக்கினு கீறாரு. குளுருதாம்."

பங்குனி மாதம். சித்தூர். குளிருகிறதாம்!

பஸ் ஸீட்காரர் பொய் சொல்லவில்லை, பாருங்கள். பேரப்பிள்ளைகளால்தான் குழாயில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. வைத்தியத்தின் செய்முறைதான் அவருக்குத் தெரியவில்லை.

இதுவரை நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன். மறுநாள் தபாலில், என் நெஞ்சு வலி எப்படி என்று விசாரித்து, சுந்தரியின் கடிதம் வந்தது. நோட்டைப் பார்த்த டாக்டர் அசந்துபோனாராம். வருகிற திங்கட்கிழமையிலிருந்து இன்சுலின் ஊசியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டாராம். நைனா "சரி" என்று ஒரே வார்த்தையில் தலையாட்டினாராம். அதே திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை ஆரம்பம்.

அவளிடம் சொன்னால் பேனாவைப் போட்டுவிட்டுச் சித்தூர் பஸ் ஏறுவாள். பதினைந்து வாரமாக ஒரு கிழவரும் இரண்டு சிறுசுகளும் பாடுபட்டு ரொப்பியது அத்தனையும் வீண். சொல்லாவிட்டால், செங்கல் நிறத்து உடம்புக்கு நீல நிறத்து ஊசி. ஆக, பேச வேண்டிய ஆள் அவர்தான். "மாமா, எனக்குத் தெரியும். ஊசியை மட்டும் குறைக்காதீர்கள். சாக்ஸைக் கழற்றிக் காலில் என்ன புண் என்று டாக்டரிடம் காட்டுங்கள். பரீட்சை முடிகிறவரை நான் வாயைத் திறக்க மாட்டேன்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். டெலிபோன் பாலையாவின் மண்டியில் இருக்கிறது; மணிச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும், பாலையா இல்லாத வேளையில் மாமாவே நடந்து வந்து எடுப்பார். சர்க்கரையைப் பற்றிப் பேச வெல்ல மண்டிக்குத்தான் வந்தாக வேண்டும், என்ன செய்வது!

சனிக்கிழமை மத்தியானம் டிரங்க் கால் பதிவு செய்தேன். மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். சும்மா இருப்பானேன் என்று சுந்தரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். "கிருஷ்ணப்பா வந்தார். ஊரில் அனைவரும் பரம சௌக்கியமாம். மாமாவைப் பற்றிக் கவலையே வேண்டாம். என் நெஞ்சு வலியும் போய்விட்டது. பரீட்சையை நன்றாக எழுது."

மை காய்வதற்குள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். போகவில்லை, அந்த வலி. எனக்கு வயது முப்பத்தெட்டு. இந்த இனத்தில் சேர நரை தேவையில்லை போலிருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் மகளுக்கோ தம்பிக்கோ 'இவ்விடம் நலம்' என்று எழுதினீர்களே, முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே? அந்த நலத்தை யாரிடம் இரவல் வாங்கினீர்கள்?

மணி ஐந்தேகாலுக்கு எக்ஸ்சேஞ்ச் பெண் கூப்பிட்டாள்.

"சித்தூர் லைன் கிடைச்சிட்டுது ஐயா. மணி அடிக்குது."

அடித்தது. எண்ணினேன். பத்து, பன்னிரண்டு, பதினெட்டு.

"ஒருத்தரும் எடுக்கேல்லை ஐயா. வைக்கட்டோ?"

"வேண்டாம் தங்கச்சி. அவர் நடந்து வரணும். அடிக்கட்டும்."