வட்டத்துல பாதியை எடுத்துக்கிட்ட ஜி.டி.

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ரெண்டு ஊரு காப்பி விளைச்சலைக் கம்ப்யூட்டர்ல படமாப் போட்டுக் காட்டணும். அவ்வளவுதான்.

தொண்ணூறுகள்ல நடந்த கதை இது. ஏற்காட்டுல காப்பி விவசாயிங்க சங்கம் ஒண்ணுல வேலைக்குச் சேந்திருந்தேன். சேலத்துல கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்ச சர்டிஃபிகேட்டை லேமினேஷன் பண்ணி வெச்சிருந்தேன். அந்தப் பளபளப்பைப் பாத்துத்தான் வேலை குடுத்தாங்களோன்னு இப்பவும் எனக்குச் சந்தேகம் உண்டு.

கம்ப்யூட்டருக்குத் தனி ரூம். அதுக்கு ஏசி வேற. ஏற்காட்டுல ஏசி! வித்தவர் "ஏசி இல்லாட்டிக் கெட்டுப்போயிருமுங்க"ன்னு சொல்லிட்டாராம். நான் ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் சுத்திக்கிட்டுத்தான் டைப் அடிப்பேன்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

காப்பிப் பழத்தைத் தோல் உரிக்கிற மிஷின் ஒண்ணு சங்கத்துக்கு வரப்போகுது. மாரமங்கலம், செம்மநத்தம் ரெண்டு ஊருக்கும் பொதுவா. ரெண்டு ஊரும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். சண்டை போட்டா மிஷின் கொல்லிமலைக்குப் போயிரும்.

எங்க செக்ரட்டரி சார் ஒரு ஐடியா பண்ணார். "செல்வி, ரெண்டு ஊரு விளைச்சலும் கிட்டத்தட்ட ஒண்ணுதாம்மா. அதைப் படமாக் காட்டிட்டா ஒரு பேச்சும் வராது. சட்டுனு முடிஞ்சிரும்."

சட்டுனு!

காலையிலயே ரெண்டு ஊருக்காரங்களும் பஸ்ல வந்து இறங்கிட்டாங்க. செருப்பை வாசல்ல கழட்டிட்டு, நடுங்கிக்கிட்டே ரூமுக்குள்ள வந்து நின்னாங்க. மாரமங்கலத்துக்குப் பேச வந்தவர் பொன்னண்ணன். செம்மநத்தத்துக்குச் சின்னப்பொண்ணு அக்கா. ரெண்டு பேரும் சத்தமாப் பேசறவங்க.

நான் பந்தாவா ஒரு பட்டனைத் தட்டினேன். ஊருக்கு ஒரு தூணாப் படம் வந்துச்சு.

மாரமங்கலம் தென்னை மரம் மாதிரி நிக்குது. செம்மநத்தம் அதுக்குப் பக்கத்துல ஒரு செங்கல் மாதிரி கெடக்குது.

ரெண்டு ஊருக்காரங்களும் ஸ்க்ரீன்கிட்ட நெருங்கி வந்தாங்க.

"ஏனுங்க கண்ணு," அக்கா மெதுவா ஆரம்பிச்சாங்க. "நாங்க காப்பி போட்டோமா, இல்ல கடுகு போட்டோமா?"

பொன்னண்ணன் மீசையைத் தடவினார். "படமே சொல்லுதுங்களே! மிஷினை எங்க ஊருல வெச்சிருங்க. அவங்க வேணும்னா தலையில சுமந்துட்டு வரட்டும்."

செம்மநத்தத்துக்காரங்க பாதிப்பேர் செருப்பைத் தேடிப் போயிட்டாங்க. செக்ரட்டரி சார் என்னையப் பாத்த பார்வையில அந்த ஏசியே தேவையில்லை.

அப்புறம்தான் கவனிச்சேன். இடது பக்கக் கோட்டுல அடி நம்பர் பூஜ்யம் இல்லை! வித்தியாசம் கம்மியா இருந்தா, 'பாவம், கண்ணுக்குத் தெரியலையே'ன்னு கம்ப்யூட்டர் தானாவே அடியை வெட்டிட்டு உச்சியை மட்டும் காட்டுமாம். மனுசனாட்டவே, இல்லாத சண்டையை மூட்டி விடுது. அதனால, தூண் படம் போடறவங்க முதல்ல அடியில பூஜ்யம் இருக்குதான்னு பாருங்க. நான் பாக்கலை.

"ஒரு நிமிஷமுங்க, சரி பண்ணிடறேன்!" பூஜ்யம் போட்டேன். ரெண்டு தூணும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஒசரத்துல வந்து நின்னுச்சு. அப்பாடா!

"ஏனுங்க," இப்போ பொன்னண்ணன். "இப்பத்தான இருந்துச்சு! அதுக்குள்ள எங்க காப்பியை எங்க கொண்டு போனீங்க?"

"எங்கயும் போகலைங்கண்ணா, அளவு மட்டும்..."

"நாங்க பாக்கப் பாக்கவே அவங்க தூணை ஏத்தி விட்டீங்களே!"

அக்கா சிரிச்சாங்க. "சரியான படம் இதுதானுங்க. அது பொய்ப் படம்."

செக்ரட்டரி சார் என் காதுக்கிட்ட குனிஞ்சார். "வட்டமாப் போடும்மா. வட்டத்துல ஒசத்தி தாழ்வு கெடையாது."

போட்டேன். சாதா வட்டம் போட்டிருக்கலாம். ஆனா லேமினேஷன் பண்ண ஆளாச்சே, விடுவேனா? சாய்ச்சு வெச்ச கேக் மாதிரி, கனமாத் தெரியற வட்டத்தைப் போட்டேன். அதுல ஒரு வினை இருக்கு. முன்னாடி இருக்கற துண்டு பக்கவாட்டுக் கனத்தோட சேந்து பெருசாத் தெரியும்.

முன்னாடி இருந்தது செம்மநத்தம்.

"பாருங்க, பாருங்க! அவங்களுக்குப் பெருசு!"ன்னு மாரமங்கலம் பக்கம் ஒரே கூச்சல். வட்டத்தைத் திருப்பினேன். செம்மநத்தம் கத்துச்சு. மறுபடி திருப்பினேன். மாரமங்கலம் கத்துச்சு. ராட்டினம் சுத்தறவன் மாதிரி சுத்திக்கிட்டே இருந்தேன். எனக்கே தலை சுத்திருச்சு.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லயிருந்து போடு"ன்னார் செக்ரட்டரி சார். படத்துக்கு வேண்டிய நம்பர் வரிகளை அவசரமா மவுஸால இழுத்துக் காட்டினேன். ஒரு வரி கூடுதலா இழுத்துட்டேன் போல.

புது வட்டம் வந்துச்சு. மூணு துண்டு!

மாரமங்கலம் கால். செம்மநத்தம் கால். மிச்சம் பாதி வட்டத்தை ஒருத்தர் அமுக்கி வெச்சிருக்கார். பேரு, ஜி.டி.

பொன்னண்ணன் கிட்ட வந்து உத்துப் பாத்தார். "யாருங்க இந்த ஜி.டி.?"

வெனை! கிராண்ட் டோட்டலைச் சுருக்கி ஜி.டி.ன்னு அடிச்சு வெச்சிருந்தேன். கூட்டின தொகையையும் சேத்து வட்டம் போட்டா அது பாதியை முழுங்காம என்ன பண்ணும்?

"அது ஆளு இல்லைங்கண்ணா..."

"இனிஷியல் இருக்குது, ஆளு இல்லையா? எஸ்டேட்காரனா?"

"பயப்படாத சாமி," அக்கா என் தோள்ல கை வெச்சாங்க. "யாருன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

"கிராண்ட்..."னு வாயெடுத்தேன். அவ்வளவுதான், டோட்டல் வர்றதுக்குள்ள சத்தம் கூரையைத் தூக்கிருச்சு.

"கிராண்டு தொரையா! வெள்ளைக்காரன் போயி இத்தனை வருசமாச்சு, இன்னுமா பாதிப் பங்கு?"

"நாம இங்க அடிச்சுக்கிட்டுக் கெடக்கறோம், அவன் நோகாம பாதியைத் தூக்கிட்டுப் போறான் பாருங்கண்ணா!"

அண்ணாவா! அக்கா முதல் தடவையா அவரை அண்ணான்னு கூப்பிட்டாங்க. "நீ சொல்றதுதான் நெசம் தங்கச்சி"ன்னார் அவரும்.

நான் செக்ரட்டரி சாரைப் பாத்தேன். அவருக்கு ஜி.டி. யாருன்னு நல்லாவே தெரியும். மூஞ்சியை நொம்ப சீரியஸா வெச்சுக்கிட்டு, "ரெண்டு ஊரும் இப்பவே கையெழுத்துப் போட்டுட்டா, அந்தாளு உள்ள வரவே முடியாதுங்க"ன்னார்.

பேனாவுக்கு அடிதடி!

ஒப்பந்தத்தை டைப் அடிக்க என்னையத்தான் கூப்பிட்டாங்க. ரெண்டு ஊரும் சேந்து கேட்டுக்கிட்டதால கடைசியா ஒரு வரி சேத்தோம்: 'மேற்படி இயந்திரத்தில் ஜி.டி. என்பவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் கிடையாது.'

மிஷின் வந்துச்சு, ரெண்டு ஊரும் மாத்தி மாத்தி ஓட்டினாங்க, ஜி.டி. இன்னிக்கு வரைக்கும் கேஸ் போடலை.