வைஃபைக்குப் பூட்டு

மடிக்கணினித் திரையில் தோழி வாயைத் திறந்தபடியே உறைந்து போயிருந்தாள். பேட்டிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மனைவி, கணவரான கண்ணாடிக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை பேட்டியிலயும் நான் இப்படித்தான் உறைஞ்சு நிக்கப் போறேனா?"

குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை அது. அப்பா படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டவள். அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு அவளுக்கு வந்த முதல் அழைப்பு. நெட் கைவிட்டதென்றால் அதுவும் போச்சு. வீட்டுக்குள் போன் சிக்னலை நம்பவும் வழியில்லை. ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது.

புது வீட்டுக்கு வந்ததிலிருந்து நெட் விஷயம் முழுக்க கண்ணாடிக் கடைக்காரரின் இலாகா. நெட் கம்பெனி ஆள் போன் செய்து, வந்து பொருத்தித் தருவதாகச் சொன்னபோது, ஒரு பிளக்கைச் சொருக ஆள் எதற்கு என்று கேட்டு வைத்துவிட்டார். சுவரோரம் தொங்கிய ஒயரை, கம்பெனி அனுப்பியிருந்த வைஃபை பெட்டியில் மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. போனில் கம்பெனி பெயரோடு ஒரு வைஃபை தெரிந்தது, தொட்டதும் உள்ளே விட்டது. அன்று மாமனார் டேப்லெட்டில் செஸ் ஆட்டம் பார்த்தபடி, மாப்பிள்ளைக்குக் கைராசி என்று வாயாரச் சொன்னார்.

தொட்டதும் உள்ளே விட்டதுதான் இப்போது அவருக்கு உறுத்தியது. நம்மைக் கேள்வி கேட்காமல் விட்டது ஊரையும் அப்படித்தானே விடும்?

பெட்டியின் அடியில் அச்சடித்திருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு, செட்டிங்ஸைத் திறந்தார். அவர்களுடைய மூன்று கருவிகளோடு முன்பின் தெரியாத ஒரு கூட்டமே உள்ளே உட்கார்ந்திருந்தது.

யாரென்று யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. கட்டடத்தின் கீழே ஒரு சலூன். அங்கே காத்திருப்பவர்கள் போனில் மூழ்கிக் கிடப்பார்கள். தன் முறை வந்தாலும் அடுத்தவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓசி நெட் இல்லாமல் யாருக்கு இவ்வளவு பொறுமை வரும்?

உடனே ஒரு கடவுச்சொல் போட்டார். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து, அவரே மூன்றாவது முயற்சியில்தான் சரியாக அடிக்கும்படி அமைந்தது. மாமனார் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டு போய், கடைசிக் குறியில் வழுக்கி, மறுபடி தொடங்கினார்.

"மாப்பிள்ளை, ஜெயில்லகூட இதைவிடச் சுலபமா உள்ள விட்டுருவாங்க."

ஆனால் நெட் பிய்த்துக்கொண்டு போனது. சலூனில் எப்படித் தவிக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில், தேவையே இல்லாமல் முடிவெட்டிக்கொள்ளப் போனார். எல்லோரும் நிம்மதியாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னமாய் நடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார்.

அன்று சாயங்காலம் மேல்வீட்டு டீச்சர் கதவைத் தட்டினார். வீட்டிலிருந்தபடியே திரைவழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். பிள்ளைகள் காத்திருக்க நெட் நின்றுபோய்விட்டதாம். இங்கே வருகிறதா என்று கேட்டார். கண்ணாடிக் கடைக்காரர் அவரை உட்காரவைத்து, சலூன்காரரைப் பற்றி எச்சரித்து, வீட்டு நெட்டைக் காப்பது எப்படி என்று ஒரு பிரசங்கமே செய்தார். போகும்போது, பெட்டியின் பின்னால் சின்ன ஓட்டை இருக்கும், ஊசியால் அழுத்தினால் எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று வைத்தியமும் சொல்லி அனுப்பினார். டீச்சர் கையெடுத்துக் கும்பிடாத குறை.

சற்று நேரத்தில் மாமனார் குரல் கொடுத்தார். டேப்லெட் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே போகிறதாம். மாப்பிள்ளை மனமிரங்கிவிட்டார் என்று அவருக்குச் சந்தோஷம்.

கண்ணாடிக் கடைக்காரர் செட்டிங்ஸுக்கு ஓடினார். திறந்து பார்த்தால் பூட்டைக் காணோம். அதே கூட்டம் திரும்பி வந்திருந்தது. சலூன்காரர் சாதாரண ஆளில்லை.

மறுநாள் வைஃபையின் பெயரையே யார் கண்ணிலும் படாமல் மறைத்தார். சொந்த வீட்டார் கண்ணிலிருந்தும் அது மறைந்துபோய், மாமனாரின் செஸ் பாதியில் நின்றது. நோட்டம்விட மறுபடி சலூனுக்குப் போனார். வெட்ட எதுவும் மிச்சமில்லை என்று சலூன்காரர் தயங்க, இன்னும் ஒட்ட வெட்டச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் படித்திருக்கிறாரா என்று பேச்சுவாக்கில் விசாரித்தார்.

"நமக்குத் தலை ஒண்ணுதான் சார் தெரியும்" என்றார் சலூன்காரர், கத்தரியைத் துடைத்துக்கொண்டே.

அதை அவர் மிரட்டலாகவே எடுத்துக்கொண்டார். வீடு திரும்பியபோது மறைத்த பெயர் பல்லைக் காட்டிக்கொண்டு போனில் நின்றது.

கடைசி அஸ்திரமாக, தங்கள் மூன்று கருவிகளைத் தவிர வேறெதையும் உள்ளே விடாதபடி கட்டுப்பாடு வைத்தார். அதன் பலனைப் பார்க்கச் சலூனுக்குப் போனவர் மொட்டையோடு திரும்பினார். மனைவி அந்த மொட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பேட்டியின்போது கேமரா பக்கம் தலையைக் காட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பேட்டி அழகாகத் தொடங்கியது. மூன்று பேர் கேட்டார்கள், அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, பிழைகளைச் சொல்லச் சொன்னார்கள். முதல் வரியை அவள் படித்து முடிப்பதற்குள் திரை இருண்டது. வைஃபை போன இடம் தெரியவில்லை.

அவர் பிளக்கைப் பிடுங்கினார், சொருகினார், பெட்டியைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மனைவி அவர் போனைப் பிடுங்கிக்கொண்டு சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஓடினாள். அவர் மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். தன் கெட்டிக்காரத்தனத்தால் அவளுடைய வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

அவள் இறங்கி வந்தபோது வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"அந்தப் பக்கத்துல அவங்களுக்கே தெரியாத ஒரு பிழையைச் சொன்னேங்க. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதே வேகத்தில் கோபமும் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஆள் பையோடு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். டீச்சர் வீட்டில் நெட் ஒருநாள் வருகிறது, ஒருநாள் வருவதில்லையாம். கிளம்பும்போதே போன் செய்து, தான் வந்து பார்க்கும்வரை பெட்டியை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தாராம். கண்ணாடிக் கடைக்காரர் அவரை உள்ளே இழுத்து, தான் போட்ட பூட்டுகளையும் சலூன்காரர் அவற்றை உடைத்த விதத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லி, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கும்படி கேட்டார்.

கம்பெனி ஆள் பொறுமையாகக் கேட்டார். பெட்டியைத் திருப்பி, கம்பெனி எல்லாப் பெட்டியிலும் அச்சடிக்கும் அதே பெயரையும் கடவுச்சொல்லையும் பார்த்தார். சுவரோர ஒயரை லேசாக இழுத்தார். மறுமுனை எதிலும் ஒட்டாமல் கையோடு வந்தது.

"திருடனைப் பிடிச்சாச்சு சார், டீச்சர் பெட்டியைப் பூட்டிப் பூட்டி விளையாடினது நீங்கதான், உங்க வீட்டுக்கு இனிமேதான் நான் லைனே இழுக்கணும்."