சமபக்கம் கட்டிய விளக்கு

சமோசாவை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத் தின்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காந்திபுரம் விடுதியில் எனக்கு அறைத்தோழராக வாய்த்தார். பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'சமபக்கம்'.

ஒரு பக்கம் நீண்ட சமோசாவைத் தட்டோடு திருப்பிவிடுவார். "கோவிச்சுக்காதீங்க, மூணு பக்கமும் ஒண்ணா இல்லீங்க" என்பார் கடைக்காரரிடம். அதெல்லாம் என் தட்டுக்கு வந்துசேரும்.

அந்த டிசம்பரில் எனக்கு உயிர் போகிற பிரச்சினை. ரோசலினைப் பெண் கேட்டிருந்தேன். அவள் அப்பா எங்கள் கோயிலில் வேதம் போதிக்கிற உபதேசியார். "கிறிஸ்துமஸுக்குக் கோயில் வாசல் விளக்க நீங்க செஞ்சு போடுங்க தம்பி. அதப் பாத்துப்போட்டுப் பதில் சொல்றனுங்க" என்றுவிட்டார். எனக்குக் காகிதக் கப்பல்கூட வராது. சமபக்கத்தின் காலில் விழுந்தேன்.

மனிதர் லீவே போட்டுவிட்டார். மூங்கில் குச்சிகளை ஒரே நீளத்தில் நறுக்கி, முனைக்கு ஐந்து முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போனார். ஆறாவதைச் சேர்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "அஞ்சு சேத்தா கூரையாட்டம் எந்திரிக்கும். ஆறு சேத்தா தரையாட்டம் படுத்துக்குமுங்க."

முகங்கள் இருபதும் சமபக்க முக்கோணம். கலர் பேப்பர் ஒட்டிக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோனோம். உபதேசியார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அம்சமா இருக்குதுங்க. பல்ப எப்படி உள்ள உடுவீங்க?"

அந்த நினைப்பே எங்களுக்கு வரவில்லை.

"ஓட்டை போட்டுரலாமுங்க" என்றேன்.

"அந்த ஒரு முகம் கெட்டுப்போயிருமுங்களே தம்பி."

தூணோரம் ரோசலின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, என் கல்யாணம் ஒரு முக்கோணத்தால் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

சமபக்கம் விளக்கை முறைத்துப் பார்த்துவிட்டு, உச்சியில் கூடிய ஐந்து குச்சிகளையும் அவிழ்த்தார். ஐந்து முக்கோணம் போய், அங்கே ஐங்கோண வாய் ஒன்று திறந்தது. அதையும் ஸ்கேலால் அளந்தார். "இப்பவும் எல்லாப் பக்கமும் சமந்தானுங்க" என்றார்.

பல்ப் இறங்கியது. வாசல் முழுக்க வெளிச்சம்.

உபதேசியார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இவரையே மாப்பிள்ளைத் தோழனா வெச்சுக்குங்க" என்றார். பெண் கொடுத்துவிட்டார் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்சநேரம் ஆயிற்று.

இப்போது அவர் அன்னூரில் இருக்கிறார். எனக்கொரு குடும்பம் அமைந்ததே அவரால்தான். நன்றியை நேரில் சொன்னால் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார். வருஷா வருஷம் விளக்குக் கட்ட வருகிறார். ரோசலின் சமோசா சுட்டுப் போடுவாள். ஒன்றுகூட மூன்று பக்கமும் ஒழுங்காக வந்ததில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் அவர் ஸ்கேலை எடுப்பதே இல்லை.