களி தின்று கொழுத்தவன்

ஓட்டு வீட்டில் குடியேறாமல் என் கட்டை வேகாது என்று சபதம் செய்தேன். நான் வேதக்காரன். என் கட்டையைப் புதைப்பார்களே தவிர வேக வைக்க மாட்டார்கள். இருந்தாலும் சபதம் சபதம்தானே!

சபதத்துக்குக் காரணம் மழை. எங்களுடையது மூங்கில் தட்டி வீடு. கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் பொன், பூமிக்கு மேலே தட்டி. வெளியே தூறினால் எங்கள் வீட்டுக்குள் கொட்டும். வெளியே நின்ற பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் பெய்யும். படுக்கையில் குடை பிடித்துக்கொண்டு குறட்டை விடுகிற வித்தை இந்த ஜில்லாவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஒரு சுரங்கத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன். எந்தச் சுரங்கம் என்று சொல்ல மாட்டேன், வேலை போய்விடும். மாரிகுப்பத்தில் ரயில் போய் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம் என்பதோடு விட்டுவிடுங்கள். பெயர் இன்பராஜ். ராஜ்யம் என்னுடையதல்ல, என் மனைவி ஞானசுந்தரியுடையது. அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலீஷ் தெரியும். எனக்கும் தெரியும், மருந்துச் சீசாவில் ஒட்டியிருக்கிற அளவுக்கு.

சிவசமுத்திரத்திலிருந்து கரண்டு வந்து சுரங்கமெல்லாம் வெளிச்சமான வருஷம் அது. எங்கள் டாக்டர் துரைக்கும் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. கூலிக்காரன் என்ன தின்றால் நன்றாகத் தோண்டுவான் என்று ஆராய்ச்சி செய்யப் புறப்பட்டார். துரை காலையில் பன்றிக்கறியும் முட்டையும் சாப்பிடுவார். மத்தியானம் டப்பி மீன். ராத்திரி முழுக்கோழி. இவ்வளவையும் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் களியைப் பற்றி யோசிப்பார்.

ஆராய்ச்சி தொடங்குவதற்கு முன்பே முடிவு தயாராக இருந்தது. கேழ்வரகுதான் உத்தமம். ஏன்? அரிசியைவிட மலிவு. கம்பெனி ஸ்டோரில் கூலிக்காரர்களுக்குச் சகாய விலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பகலெல்லாம் கூழும் களியும்தான் என்றாலும், ராத்திரி ஒரு வேளை சோறு உண்டு என்கிற நம்பிக்கையில்தான் ஜனங்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பாதாளத்துக்கு இறங்கினார்கள். அந்த அரிசியை நிறுத்திவிட்டுக் கேழ்வரகு போட்டால் கம்பெனிக்கு லாபம். அதற்கு ஒரே ஒரு அத்தாட்சி வேண்டும். களி மட்டுமே தின்று கொழுத்த ஒரு மனிதனைக் காட்ட வேண்டும். அப்படி ஒரு மனிதன் அதுவரை அகப்படவில்லை.

"ஒரு மாசம், மூன்று வேளையும், ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கண்ணெதிரில் களி சாப்பிட்டுக் கொழுத்துக் காட்டுகிறவனுக்கு, பழைய டிரஸ்ஸர் காலி செய்த ஓட்டு வீடு" என்றார் துரை.

நான் ஒரே தாவில் முன்னால் போய் நின்றேன். களி உருண்டையைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியமும் செய்தேன். களி என்றாலே எனக்குத் தொண்டை அடைக்கும் என்பது துரைக்குத் தெரியாது. சுந்தரிக்குத் தெரியும்.

"சுந்தரி, ஓட்டு வூடு நம்ப கைக்கு வந்த மாதிரிதான்!"

"யாரு செத்துப் போனா?"

"யாரும் சாவல. நான் ஒரு மாசம் களி துன்னணும், அவ்ளோதான்."

"நீங்களா? போன வாரம் களி கிண்டுனதுக்கு ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வெச்சினு இருந்தீங்க."

"அது வேற களி. இது ஆராய்ச்சிக் களி."

"எந்தக் களியானா இன்னா? வெறுங்களி துன்னா ஒடம்பு ஏறுமா?"

"ஏறாது. அதனாலதான் உன்னாண்ட வந்து நிக்கிறேன். உருண்டைக்கு நடுவுல கொத்துக்கறிய வெச்சி உருட்டிடு. மேல பாத்தா களி. உள்ள கறி."

"பைபிள் மேல சத்தியம் பண்ணீங்களாமே?"

"உருண்டையத் தவிர வேற எதையும் தொட மாட்டேன்னுதான் சத்தியம். உருண்டைக்குள்ள இன்னா கீதுன்னு துரை கேக்கல. மோசேயும் கேக்கல."

சுந்தரி முறத்தைக் கீழே வைத்தாள். "சரி, நீங்க கொழுத்துட்டீங்க. அப்பால?"

"நமக்கு ஓட்டு வூடு."

"கூலி லைன்ல கீறவங்களுக்கு?"

"ஸ்டோர்ல அரிசிய நிறுத்திட்டு கேவுரு போடுவாங்க. ஒடம்புக்கு நல்லதுதானே?"

"பக்கத்து வூட்டு சம்பங்கி புள்ளைங்க ராவானா ஒரு புடி சோறு துன்னுதுங்க. அதுலயும் மண்ணா?"

"அவங்களுக்கு வூடு தரேன்னு நான் சொல்லலியே!"

இதைச் சொன்னபோது ஏதோ பெரிய சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைத்தேன். சுந்தரி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். ஆட்டுக்கறி வாங்குகிறவள் துண்டத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"சரிங்க. கறி வாங்கினு வாங்க" என்றாள்.

அவள் மறுவார்த்தை பேசாமல் "சரிங்க" என்று சொன்னால் நான் பயப்பட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அனுபவத்தில் கண்ட உண்மை. அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டேன். கண்ணை ஓடு மறைத்தது.

ஆராய்ச்சி ஆரம்பமானது. வராந்தாவில் நான் தூக்குச் சட்டியைத் திறப்பேன். எதிரில் துரை கடிகாரத்தோடு உட்காருவார். கறி வாசனை காட்டிக் கொடுத்துவிடுமோ என்று முதல் நாள் நடுங்கினேன். ஆஸ்பத்திரிக் கார்பாலிக் மருந்து நாற்றத்தில் எதுவும் எடுபடவில்லை. இன்னொரு சங்கடம்தான் பெரிது. களியை எங்கள் ஜனங்கள் மெல்ல மாட்டார்கள். பிட்டு, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவார்கள். நான் வாயை அசைத்தால் துரை, "என்ன மெல்லுகிறாய்?" என்று கேட்டுவிடுவார். ஆகவே கறியையும் விழுங்கினேன். ஒரு மாசம் தினமும் கறி தின்றும் ருசி தெரியாமல் போன துரதிர்ஷ்டசாலி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ருசி போனாலும் உடம்பு ஏறியது. கன்னம் பூரித்தது. கோட்டுப் பொத்தான் ஒவ்வொன்றாகத் தெறித்தது. ஒன்று துரையின் மூக்குக் கண்ணாடியில் பட்டது. அவர் கோபப்படவில்லை. "வெரி குட்! வெரி குட்!" என்று அதை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

சம்பங்கி மட்டும் வாசலில் வழிமறித்துக்கொண்டாள். அவள் புருஷன் சின்னசாமி பாறையில் துளை போடுகிறவன். அவன் சட்டையைக் கழற்றினால் விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம்.

"இன்னாண்ணே, களி துன்னே இப்டி பூசணிக்காயா ஆயிட்டீங்களே! எங்க வூட்டுக்காரரும் அதே கேவுருதான் துன்றாரு. அவருக்கு ஒட்ட மாட்டேங்குதே!"

"உன் கையில பக்குவம் இல்லம்மா. சுந்தரி கைப்பக்குவம் வேற."

"அப்டியா? அக்காவக் கேட்டு நானும் கத்துக்கிறேன்" என்று உள்ளே போனாள். உள்ளே இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். என் தொந்தியைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

மாசம் முடிந்தது. கடைசி நாள் காலையில் சுந்தரி தூக்கில் மூன்று வேளை உருண்டைகளோடு கூடுதலாக ஒன்றையும் வைத்தாள்.

"மேல கீற மூணையும் துன்னுடுங்க. கீழ கீறத தொடாதீங்க. சாயங்காலம் வூட்டுக்கு எடுத்தாங்க. இன்னியோட சத்தியம் முடியுது. சுடச்சுட கொழம்பு வெச்சித் தரேன். வாய நல்லா அசைச்சி, மென்னு துன்னலாம்."

மென்று தின்னலாம்! எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் கஷ்டத்தை இவ்வளவு நுணுக்கமாகப் புரிந்துகொண்ட மனைவி யாருக்கு வாய்ப்பாள்?

மத்தியானம் துரை என்னைத் தராசில் ஏற்றினார். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி எறிந்தார். பெங்களூர் டாக்டர்களுக்கும் கம்பெனிப் பெரியவர்களுக்கும் அப்போதே தந்தி அடித்தார். சாயங்காலம் என் தோளில் கை போட்டுக்கொண்டு சுரங்கத்து வாசல் கேட் வரை கூடவே நடந்து வந்தார். ஷிஃப்டு மாறுகிற நேரம். கேட்டில் நல்ல கூட்டம்.

இந்தக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே போகிறவனை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். வெளியே வருகிறவனைத் தலைப்பாகை முதல் கோவணம் வரை சோதிப்பார்கள், தங்கக்கல் இருக்கிறதா என்று. எப்போதோ ஒரு புண்ணியவான் மீந்துபோன களிக்குள் கல்லை வைத்துக் கடத்தியிருக்கிறான். அன்றிலிருந்து காவல்காரன் தசரதன் கையில் ஒரு இரும்புக் கம்பி. மீந்த களியோடு யார் வந்தாலும் குத்திப் பார்ப்பான். அதனால் சுரங்கத்து ஆட்கள் களியை மீத்துவதே இல்லை. மீந்தாலும் உள்ளேயே நாய்க்குப் போட்டுவிட்டு வருவார்கள். நான் ஒரு மாசமாக ஒரு துணுக்கு மிச்சம் வைத்ததில்லை. தசரதனும் என் தூக்கைத் தொட்டதில்லை.

அன்றைக்குத் தூக்கு கனமாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "தூக்கத் தொறங்க" என்றான்.

"யோவ், நான் ஆஸ்பத்திரி ஆளு. துரை நிக்கிறாரு, பாக்கல?"

"யாரா இருந்தா இன்னா? களி களிதான்."

கம்பியை விட்டான். டக்!

தசரதன் முகம் மாறியது. மறுபடியும் குத்தினான். டக்! டக்!

"கல்லு! களிக்குள்ள கல்லு!"

கூட்டம் சூழ்ந்துகொண்டது. கொத்துக்கறியில் டக் என்று எப்படிச் சத்தம் வரும்? கறி என்று ஒப்புக்கொண்டால் வீடு போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் தங்கத் திருடன் என்று நானே போவேன். நான் தீர்மானிப்பதற்குள் தசரதன் உருண்டையை இரண்டாகப் பிளந்துவிட்டான். உள்ளே, கொத்துக்கறி மெத்தையில், கட்டை விரல் பருமனுக்கு ஒரு நல்லி எலும்பு சுகமாகப் படுத்திருந்தது.

கூட்டம் சிரித்த சிரிப்பு சுரங்கத்தின் அடிமட்டத்தில் இருந்தவனுக்கும் கேட்டிருக்கும். துரை முகம் சிவந்தது. அவர் கை என் தோளை விட்டுக் காலரைப் பிடித்தது.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று இங்கிலீஷில் ஒரு குரல். சுந்தரி! சின்னசாமிக்குச் சாப்பாடு கொண்டுவந்த சம்பங்கியோடு, தற்செயலாக வந்தவள் போல் நின்றுகொண்டிருந்தாள். அவள் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"என் புருஷன் ஒரு மாசமாகக் கறி வைத்த களி சாப்பிட்டார், கொழுத்தார். உங்கள் தராசு பொய் சொல்லவில்லை. இதோ நிற்கிற சின்னசாமி ராத்திரிச் சோற்றையும் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, வருஷக்கணக்காக வெறுங்களி சாப்பிடுகிறார். அவரையும் தராசில் ஏற்றிப் பாருங்கள். வெறுங்களி போதாது, கறியும் சோறும் சேர வேண்டும் என்று நீங்கள்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். தந்தி போய்விட்டதாமே? அடுத்த தந்தியில் ஏமாந்தேன் என்று எழுதுவதா, கண்டுபிடித்தேன் என்று எழுதுவதா என்பது உங்கள் இஷ்டம்."

துரை எலும்பைப் பார்த்தார். சின்னசாமியைப் பார்த்தார். தந்தி ஆபீஸ் இருக்கிற திசையைப் பார்த்தார். சிவப்பு மெதுவாக இறங்கியது. காலரை விட்டார். எலும்பைக் கைக்குட்டையில் பொட்டலம் கட்டிக்கொண்டு, "வெரி இன்ட்ரஸ்டிங்" என்றார். சுந்தரியை ஓரமாக அழைத்து அரைமணி நேரம் ஆலோசனை நடத்தினார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேழ்வரகு மட்டும் போதாது, கூலிக்காரர்களுக்கு வாரம் ஒரு நாள் கறியும் கொடுக்க வேண்டும் என்று துரை புதிதாக எழுதினார். அந்தக் கறி சீமையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவதற்குள் ஆடு கிழடாகிவிடும். ஆனால் ஸ்டோரில் அரிசி போடுவது நிற்கவில்லை.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கர்ஜித்தேன். "நல்லி எலும்ப உள்ள வெச்சது யாரு?"

"நான்தான்."

"நான் சொன்னது கொத்துக்கறி!"

"கொத்துக்கறின்னா கம்பி பூந்துனு போயிடுமே. நல்லின்னாதான் டக்குனு நிக்கும்."

"அடிப்பாவி! என் ஓட்டு வூடு போச்சே!"

"எங்க போச்சு? துரை குடுக்கறேன்னு சொல்ட்டாரு. நாளைக்கே குடி போவலாம்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "நெஜமாவா?"

"நெஜமாத்தான். ஆராய்ச்சிய முழுசா முடிச்சிக் குடுக்கணுமாம், அவ்ளோதான். கறி வெச்ச களி துன்ன ஒருத்தர், வெறுங்களி துன்ன ஒருத்தர். கறிக்களிக்கு ஒல்லியா கீற ஆளு வோணும்னாரு. சின்னசாமி அண்ணனப் போட்டாச்சு."

"வெறுங்களிக்கு?"

"நல்லா கொழுத்த ஆளு வோணுமாம். இந்த லைன்ல வேற யாருங்க கீறாங்க? உங்க பேரத்தான் குடுத்தேன்."

"எவ்ளோ நாளைக்கு?"

"நீங்க பழையபடி எளைக்கிற வரைக்கும். ரெண்டு பேருக்கும் நான்தான் உருட்டிக் குடுக்கணும்னு துரை உத்தரவு."

இப்போது ஓட்டு வீட்டில்தான் இருக்கிறோம். எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. மத்தியானம் வராந்தாவில் எனக்கு எதிரே சின்னசாமி உட்கார்ந்து, துரை அனுமதியோடு, சத்தமாக மெல்லுகிறான். நானும் ஒரு நப்பாசையில் தினமும் என் உருண்டையை நட்டநடு வரைக்கும் பிட்டுப் பார்க்கிறேன். களிக்கு நடுவிலும் களிதான் இருக்கிறது.