கட்டுண்டவள் தாய்நாடு அல்ல

துன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குணசேகரம் அவர்களுக்கு,

நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். நான் அனுப்பிய பதினொரு கட்டுரைகளையும் வாசிக்காத ஒருவருக்குச் சுகத்தில் என்ன குறை? பன்னிரண்டாவதை மட்டும் ஏன் ஏற்றுக்கொண்டீர்களோ தெரியவில்லை. அது உங்கள் பத்திரிகையில் வராமல் நிறுத்தும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

அது ஜப்பானிய ஓவியர் மினோதானி பற்றியது. இங்கே சுவிஸில், பேர்ண் நகரில் நடக்கும் தன் கண்காட்சிக்காக வந்தவர், நான் வேலை செய்யும் ஹோட்டலில் தங்கியிருக்கிறார். பட்டதாரியான நான் அங்கே காலையில் முட்டை பொரிப்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொன்னவர் நீங்கள்தானே. முட்டைக்குக் காத்து நின்றவர், "முப்பது வருடம் அண்டர்கிரவுண்ட் பத்திரிகைக்கு நான் எடிட்டர்" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்தில் ஒளித்து ஒளித்து, கையால் சுற்றும் ரோனியோ இயந்திரத்தில் பத்திரிகை அடித்தவன் நான். தலைமறைவு என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பொலிஸ் வந்ததா என்று கேட்டேன். இரண்டு தடவை வந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனதாம். வாசகர்கள் பெயர் போடாமல்தான் கடிதம் எழுதுவார்களாம். பத்திரிகையின் பெயரையே மூன்று முறை மாற்றினாராம். பிறகு தான் வரைந்த ஓவியம் ஒன்றைக் காட்டினார்: கயிற்றால் கட்டுண்ட ஒரு பெண். "வெளியே கட்டு, உள்ளே விடுதலை" என்றார். எனக்குக் கண் கலங்கியது, முட்டை கருகியது. கட்டுண்டவள் தாய்நாடு என்று அன்றே எழுதி உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

நேற்றுக் கண்காட்சிக்குப் போய்வந்த என் மகள் கிருசிகா சோபாவில் விழுந்து சிரிக்கிறாள்.

"ஐயோ அப்பா, அது நீங்கள் நினைக்கிற அண்டர்கிரவுண்ட் இல்லை!"

"அப்ப என்ன?"

"கயித்தால கட்டுறதில ஆசை உள்ள ஆக்கள் வாசிக்கிற புத்தகம். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளுக்கு விடமாட்டம் எண்டு வாசலிலயே எழுதிக் கிடக்கு."

"அப்ப தாய்நாடு?"

"தாய்நாடு இல்லையப்பா, அவரின்ர மனிசி! விரும்பித்தான் நிண்டவவாம்."

நான் எழுதியதில் ஒரு வசனமும் பொய்யில்லை. ஆனால் முழுவதும் பிழை. இது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இன்று காலை அவரையே கேட்டேன், எதற்காக இவ்வளவு காலம் போராடினீர்கள் என்று. "நல்ல முடிச்சுக்காக" என்றார். அதுவும் விளங்கவில்லை. அடுத்த மாதம் நம் வாசகர் வட்டத்துக்குத் தலைவர் தெரிவு. இந்தக் கட்டுரை வந்தால் தலைமையை விடுங்கள், கதிரை அடுக்கக்கூட என்னைக் கூப்பிடமாட்டார்கள். அது தெரிந்துதான் ஏற்றுக்கொண்டீர்களோ?

உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளையும், இந்த ஒரு விடயத்தில் மட்டும் நல்ல மறதியையும் அருளட்டும்.

இங்ஙனம்,
தவச்செல்வன்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் தகவல் கிடைத்தது. முதல் பக்கத்திலா? என் படத்துடனா? அப்படியானால் மேலே உள்ளதைக் கிழித்துவிடுங்கள். அவள் தாய்நாடேதான். பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட மறக்க வேண்டாம்.